பசி தீர்க்கும் மந்திரத்துக்கு என்ன விலை?

மந்திரத்தால் ஒருவனை எரிப்பதற்கு விலை வைப்பது கடினமல்ல. எதிரி எத்தனை அடி தாங்குவான், வாள் எவ்வளவு வெட்டும், அம்பு எவ்வளவு துளைக்கும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்தக் கணக்கின் பக்கத்தில் நெருப்பு உருண்டையையும் வைத்து அளந்துவிடலாம். ஆனால் பூட்டைத் திறக்கும் மந்திரத்துக்கு, உருவத்தை மாற்றும் மந்திரத்துக்கு, பதினைந்து பேருக்குச் சாப்பாடு வரவழைக்கும் மந்திரத்துக்கு என்ன விலை? மேசையிலே கதையாடி விளையாடும் விளையாட்டுகளை அமைப்பவர்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். இது பிள்ளைகளின் விளையாட்டுக் கேள்வி மட்டுமல்ல என்பதும், நமது பழைய காப்பியம் ஒன்று இதற்கு மிகக் கூர்மையான பதில் வைத்திருக்கிறது என்பதும் எமது எண்ணம்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள்: வீரன், கள்வன், பூசகர், மந்திரவாதி. 'நான் கதவைத் திறந்து பார்க்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நடத்துபவர் சொல்வார். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டப்படும். இருபது முகம் கொண்ட பகடையும் அதில் உண்டு. கூத்தும் தாயமும் கலந்த ஒன்று என்றால் எம்மவர்க்கு விளங்கும். பார்க் எக்ஸ்டென்ஷனின் அடுக்குமாடிகளில் வளரும் எமது பிள்ளைகள் சிலர் இதனைப் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ஆடுகிறார்கள். பெற்றோர் பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் தமிழ் வரும்.

இவ்விளையாட்டு போர் விளையாட்டின் வயிற்றில் பிறந்தது. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடுவது. அதன் பின்னிணைப்பில்தான் மந்திரவாதி முதலில் வருகிறான். அங்கே அவன் ஒரு பீரங்கி, அவ்வளவுதான். அவன் வீசும் நெருப்பு உருண்டை பெரிய கவண்பொறியின் அளவு இடத்தை அழிக்கும். மின்னல் கனத்த பீரங்கிக் குண்டுக்குச் சமம். 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் சேர்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் அச்சான முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். படைக்களம் போய், நிலத்துக்கு அடியில் இருண்ட அறைகள் வந்தன. இருட்டென்றால் வெளிச்சம் வேண்டும். அறையென்றால் கதவும் பூட்டும் வரும். நாட்கணக்கில் அலைந்தால் பசிக்கும். பீரங்கியாய் இருந்த மந்திரவாதிக்கு இப்போது வேறு வேலைகள் சேர்ந்தன.

அவனுக்கு அவர்கள் வைத்த விலை மறதி. காலையில் மந்திரத்தை மனனம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னவுடன் அது மனத்திலிருந்து அழிந்துவிடும். மறுநாள்தான் திரும்பப் படிக்கலாம். இந்த யோசனை ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'த டையிங் ஏர்த்' என்ற நூலிலிருந்து எடுக்கப்பட்டது. மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதிதல்ல. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் கர்ணனுக்கு ஒரேயொரு தடவைக்கு உரியது. அருச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் ஏவவேண்டி வந்தது. பரசுராமரிடம் கற்ற மந்திரமோ, மிக வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்ற சாபத்தோடு வந்தது. ஒரே தடவை, வேண்டிய நேரத்தில் மறதி: இரண்டும் போர்க்கள மந்திரத்துக்கு உகந்த விலைகள். எதிரே நிற்பவன் உடனே பதில் சொல்லிவிடுவதால் அங்கே விலை எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

போருக்கு வெளியேயும் தொடக்கத்தில் இந்த விலை நன்றாகவே வேலை செய்தது. 1974இன் விதிப்படி முதற்படியில் நிற்கும் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரம். எதிரிகளைக் கூட்டமாக உறங்க வைக்கும் மந்திரத்தைப் படித்தால் வெளிச்சம் இல்லை. வெளிச்சத்தைப் படித்தால் உறக்கம் இல்லை. அதோடு நேரமும் எண்ணப்பட்டது. பத்து நிமிடம் ஒரு முறை எனக் கணக்கு; ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி, அலைந்து திரியும் பிராணி ஏதும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பந்தம் எரிந்து தீரும். ஆகவே கதவை மந்திரமில்லாமல் திறக்கச் செலவாகும் நேரத்துக்கும் விலை உண்டு, மந்திரத்தால் திறப்பதற்கும் விலை உண்டு. இரண்டு விலைகளுக்கு இடையில்தான் ஆட்டம் நடந்தது.

இந்தச் சமநிலை இரண்டு வழிகளில் உடைந்தது. முதலாவது, மந்திரவாதி வளர்ந்தான். நாளொன்றுக்கு ஒன்றாக இருந்தது பத்து, பதினைந்து ஆனபோது வெளிச்சத்துக்கும் பூட்டுக்கும் ஒதுக்குவது சில்லறைக் காசாயிற்று. இரண்டாவது, 1975இல் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில் கள்வன் என்ற பாத்திரம் சேர்க்கப்பட்டது. பூட்டுத் திறப்பது அவனுடைய தொழில். 1978இல் வந்த கையேட்டில் முதற்படிக் கள்வன் ஒரு பூட்டைத் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25. பூட்டுத் திறக்கும் மந்திரத்துக்கோ பகடையே தேவையில்லை. சொன்னால் திறக்கும். அந்த மந்திரத்தின் உண்மையான விலையை மந்திரவாதி கொடுக்கவில்லை. மேசையின் மறுமுனையில் தன் தொழிலைப் பயின்றுகொண்டிருந்த கள்வன் கொடுத்தான். அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

பூட்டைப் பற்றி எமது பகுதியில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனின் மேற்கு எல்லையில், லகாடி வீதியோரமாக, பக்கத்து வசதிபடைத்த நகரமான மவுண்ட் றோயல் 1960இல் கம்பி வேலி ஒன்றை எழுப்பியது. அதில் சிறு கதவுகள் இருந்தன. ஹலோவீன் இரவில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இனிப்புக் கேட்டு அந்தப் பக்கம் போகாதபடி அவை பூட்டப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. பூட்டு என்றால் அதை யார் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள், சாவி யாரிடம் என்ற கேள்விகள் கூடவே வரும். ஒரு சொல்லால் திறந்துவிட்டால் கதவு திறக்கும், கேள்விகள் பூட்டியபடியே கிடக்கும். கதையை நடத்துபவர் இழப்பது இதைத்தான்.

அமைப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. உடலிலிருந்து விலை கேட்டார்கள். 1978இன் கையேட்டில் ஒரு பொருளின் மந்திரத் தன்மையை அறிவதற்கு நூறு பொன் பெறுமதியான முத்தைப் பொடியாக்க வேண்டும். அதோடு தேகபலத்தில் எட்டுப் புள்ளியும் தற்காலிகமாகப் போய்விடும். அதே ஆண்டு வந்த 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டில் தெய்வத்திடமிருந்து மந்திரம் பெற ஆன்ம வலுவில் ஒரு பகுதியை நிரந்தரமாகப் பலியிட வேண்டும். 1981இன் 'கால் ஒஃப் கதுலு'வில் மந்திரம் சொல்பவனின் சித்தம் கலங்கும். 1987இல் ஜொனதன் ட்வீற்றும் மார்க் ரைன்-ஹேகனும் வெளியிட்ட 'ஆர்ஸ் மாஜிக்கா' வேறொரு திசையில் போனது. அங்கே மந்திரவாதியின் காசு காலம். ஒரு பருவம் முழுவதும் ஆய்வறையில் இருந்தால் ஒரு காரியம் நடக்கும். அதற்குள் வெளியே உலகம் நகர்ந்துவிடும். மந்திரவாதிக்கு வயதும் போகும். இல்லாததிலிருந்து நிலையான பொருளைப் படைக்க அரிய மந்திரச் சாரத்தைச் செலவிட்டுச் சடங்கு செய்யவேண்டும். செலவிடாமல் படைத்த உணவு, மந்திரம் தீர்ந்ததும் வயிற்றை மறுபடி வெறுமையாக்கிவிடும்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தனது பாதையில் காசை நம்பியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் மந்திரத்தை ஓலையில் எழுதி வைக்கலாம்; எழுதும் செலவு மலிவு. போருக்கு வெளியேயுள்ள மந்திரங்களை எல்லாம் ஓலையாக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மனத்தைப் போருக்கே ஒதுக்கினார்கள் ஆடுபவர்கள். வெளிச்சமா உறக்கமா என்ற பழைய தெரிவு மறைந்துபோயிற்று. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இதைத் திருத்தப் புறப்பட்டது. போர் மந்திரம் ஒரு பக்கம், ஏனையவை சடங்குகள் என்று மறுபக்கம் பிரித்தது. பூட்டுத் திறக்கும் சடங்குக்குப் பத்து நிமிடமும் பொன்னும் வேண்டும். உடற்தெம்பிலும் ஒரு பங்கு போகும். கணக்கு நேர்மையானதுதான். ஆனால் அதே பொன்னுக்கு நல்ல வாள் வாங்கலாம். வாள் என்றென்றைக்கும் வெட்டும், சடங்கு ஒரு தடவையோடு போய்விடும். ஆகவே பல மேசைகளில் சடங்குகளைச் சீண்டுவாரில்லை. விலை கூடினால் பொருள் மூலையில் கிடக்கும் என்பது கடை வைத்திருப்பவர் எவருக்கும் தெரிந்த விடயம்.

2014இன் ஐந்தாம் பதிப்பு சமாதானம் செய்தது. பல சடங்குகளை எந்தச் செலவுமின்றிச் செய்யலாம். வழமையை விடப் பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவே. ஆனால் நடத்துபவர் நேரத்தை எண்ணாவிட்டால் பத்து நிமிடத்துக்கு என்ன பெறுமதி? 1974இல் நேரத்துக்கு விலை இருந்தது, பகடை உருண்டதனால். அதே பதிப்பில் பூட்டுத் திறக்கும் மந்திரத்துக்கு ஒரு புதிய விதி வந்தது. பூட்டு முன்போலவே தப்பாமல் திறக்கும். கூடவே முந்நூறு அடி தூரம் கேட்கும்படி ஒரு பெரிய தட்டல் ஓசை எழும். மந்திரவாதிக்குக் கதவு திறக்கும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லாம் விழித்துக்கொள்வார்கள். சத்தமில்லாமல் திறக்க வேண்டுமென்றால் கள்வன் வரவேண்டும். ஒரு வரி விதியில் அவனுடைய தொழில் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. இலக்கத்தில் விலை வைப்பதை விட்டு, விளைவில் விலை வைக்கும் வழி இதுதான்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி பூசகர் ஒருவர் மூன்றாம் நிலை மந்திரம் ஒன்றால் பதினைந்து பேரை ஒருநாள் காக்கும் உணவும் நீரும் வரவழைக்கலாம். உணவுக்கு ருசி இராது, சத்து இருக்கும். இருபத்துநாலு மணித்தியாலத்தில் கெட்டுப்போகும். இன்னொரு முதல்நிலை மந்திரத்தால் பத்துப் பழங்களைப் பெறலாம். ஒரு பழம் ஒரு நாள் உணவு. குசினியில் நின்று பிழைக்கும் எம்மைப் போன்றவர்கள் இந்த விதியை வாசித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. பதினைந்து பேருக்குச் சாப்பாடு என்றால் அரிசி கழுவுதல், வெங்காயம் உரித்தல், கறி கூட்டுதல், பிறகு பதினைந்து கோப்பை, கரண்டி, அடிப்பிடித்த சட்டி. பெரும்பாலும் யாரும் பார்க்காத பின்பக்கத்தில் நடக்கும் வேலை. மந்திரம் பசியைத் தீர்க்கிறது. கூடவே அந்தக் கைகளையும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பாலைவனத்தைக் கடக்கும் கதையில் மூன்றாம் நிலைப் பூசகர் மந்திரம் வந்த நாளோடு பாலைவனம் வெறும் மணலாகிவிடும். தண்ணீர் எங்கே, யார் தருவார், எதற்காகத் தருவார் என்ற எதுவும் மிஞ்சாது.

இந்த இடத்திலேதான் மணிமேகலை நினைவுக்கு வருகிறது. சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தில் மந்திரங்கள் நிறையவே உண்டு. அவற்றில் எதுவும் மணிமேகலையின் கையில் போருக்கானதல்ல. உவவனத்தில் உறங்கிக் கிடந்தவளைத் தெய்வம் தூக்கிச்சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. நயினாதீவுதான் மணிபல்லவம் என்று கருதுவோர் எமது ஊர்களில் நிறையப் பேர். அங்கே அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுரு எடுப்பது, வானத்தில் செல்வது, பசியைத் தாங்குவது. பின்னர் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்ற பாத்திரம் அவள் கைக்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாதது. விளையாட்டு அமைப்பவர்களின் கண்ணுக்கு இது கெட்ட கனவு. நாளுக்கு இத்தனை என்ற வரம்பு இல்லை, முத்துப் பொடி இல்லை, தேகபலம் போவதில்லை. ஆயினும் காப்பியம் குலைந்துபோகவில்லை. ஏன்?

முதலாவது, பாத்திரம் தானாகத் தொடங்காது. முதற் பிச்சையை ஒரு நல்ல பெண் இடவேண்டும். ஆதிரையின் வீட்டுச் சோறு விழுந்த பிறகே அது சுரக்கிறது. மந்திரம் தொடங்குவதற்குக்கூட ஒருவருடைய அடுப்பு வேண்டியிருந்தது.

இரண்டாவது, பாத்திரத்தின் முந்திய உரிமையாளன் ஆபுத்திரனின் கதை. மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அந்தப் பாத்திரத்தால் அவன் பசித்தவர்களுக்கு ஊட்டி வருகிறான். இந்திரன் கிழவன் வேடத்தில் வந்து வரம் தர முனைகிறான். ஆபுத்திரன் அதனைப் பொருட்படுத்தவில்லை. சினந்த இந்திரன் அவனை எரிக்கவில்லை, அடிக்கவில்லை. பாண்டிநாட்டில் மழையைப் பொழியவிட்டான். பன்னிரண்டு ஆண்டு வறட்சி முடிந்து நாடு செழித்தது. பசித்தவர் இல்லை, பாத்திரத்துக்கு வேலையும் இல்லை. ஆபுத்திரன் 'சாப்பிட வருவீர்களா' என்று ஊரூராய்க் கேட்டுத் திரிகிறான். பெரிய மந்திரம் சிறிய தொழிலாளியை என்ன செய்யும் என்பதை 1975இன் கள்வனுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே சாத்தனார் எழுதிவிட்டார். மழை நல்லதுதான். அதனால் வேலை இழந்தவனின் துயரும் உண்மைதான். சாத்தனார் இரண்டையும் ஒருங்கே வைத்திருக்கிறார்.

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு ஆபுத்திரன் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் அள்ளக் குறையாத பாத்திரத்தோடு அவன் மட்டும். தன் ஒருவனுடைய வயிற்றுக்கு அதனைப் பயன்படுத்த மனமில்லாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் இறக்கிறான். வரம்பு பாத்திரத்தில் இல்லை, அவனிடத்தில் இருந்தது.

மூன்றாவது, வேற்றுரு. உதயகுமாரன் தொடர்ந்து வருவதால் மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். அந்த உருவில் சிறைக்கோட்டம் சென்று சிறைப்பட்டோர்க்கு உணவிடுகிறாள். அதைக் கேள்விப்பட்ட அரசன் அவள் வேண்டுகோளின்படி சிறையை அறச்சாலையாக்குகிறான். போர் இல்லாமல் மந்திரம் ஒரு நிறுவனத்தையே மாற்றிவிடுகிறது. ஆனால் அதே உருவைக் கண்டு, தன் மனைவிதான் இளவரசனோடு பழகுகிறாள் என்று நினைத்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், உதயகுமாரனை வாளால் வெட்டிக் கொல்கிறான். மந்திரம் சொன்னவளின் உடலில் ஒரு கீறலும் இல்லை. விலையைக் கொடுத்தவன் வேறொருவன். அவளுக்குக் கிடைத்தது சிறை. அடைக்கப்பட்ட அறையில் உணவின்றிக் கிடந்தபோது மூன்றாவது மந்திரம் அவளைக் காத்தது.

வேற்றுரு எடுத்தல், வானில் செல்லல், பசி தாங்கல். நாட்டைவிட்டுப் புறப்பட்ட எம்மில் பலர் இம்மூன்றையும் வேறு பெயர்களில் அறிவோம். இன்னொருவர் பெயரிலான கடவுச்சீட்டு, முன்பின் தெரியாத விமான நிலையங்கள், பூட்டிய அறைகளில் காத்திருந்த நாட்கள். 1986 ஓகஸ்டில் 155 தமிழரை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீனவர்கள் அவர்களைக் கண்டு மீட்டார்கள். ஆபுத்திரனுக்கு அப்படி ஒரு மீனவர் வரவில்லை. இந்தப் பயணங்களுக்கான விலையைப் பயணம் செய்தவர் மட்டும் கொடுத்ததில்லை. ஈடுவைத்த காணி அண்ணனுக்கும் உரியது. விற்ற தாலிக்கொடி அம்மாவுடையது. யாருடைய பெயரில் வந்தோமோ அவர் பிறகு வரமுடியாமல் போயிருக்கலாம். போருக்கு வெளியே நடக்கும் காரியங்களின் விலை இப்படித்தான் பரவிக் கிடக்கிறது. அதனை ஒருவர் கணக்கில் ஒரு இலக்கமாக எழுதிவிட முடியாது.

விளையாட்டின் ஐம்பதாண்டு வரலாறும் இதே இடத்துக்குத்தான் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறது என்று எமக்குத் தோன்றுகிறது. முத்தும் பொன்னும் மந்திரத்தை அரிதாக்கும், அல்லது மூலையில் போடும். நேரம் எண்ணப்பட்டால் மட்டுமே நேரத்துக்கு விலை. முந்நூறு அடி கேட்கும் தட்டல் ஓசைதான் மேசையில் இருக்கும் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அந்த ஓசையை யார் கேட்டார்கள் என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது. சாத்தனாரின் வழியும் அதுவே. மந்திரத்துக்கு வரம்பு போடாமல், அது விழும் உலகத்தை முழுதாக எழுதினார். காஞ்சியில் மழை பொய்த்தபோது அமுதசுரபிக்கு மறுபடி வேலை வந்தது. வேண்டிய இடம் கிடைத்ததும் பாத்திரம் பயன்பட்டது.

உங்கள் மகளோ மகனோ குசினி மேசையில் பகடையோடு இருந்து, 'பதினைந்து பேருக்குச் சாப்பாடு வரவழைக்கிறேன்' என்று சொல்லக் கேட்டால், வேண்டாம் என்று தடுக்காதீர்கள். முதற்பிடியை யார் இட்டார், பதினாறாவதாக வந்து நிற்பவருக்கு என்ன சொல்லப் போகிறாய், அந்த ஊரில் இதுவரை சமைத்துக்கொண்டிருந்தவர் இனி எங்கே போவார் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்குக் கதை நன்றாகப் போகும்.